58 ஆயிரம் ரூபாய் ஏஐ பின்: ஒரே நாளில் உயிர் போனது எப்படி? வாங்கியவர்களுக்கு என்ன ஆச்சு?

சட்டையில் காந்தத்தால் ஒட்டிக்கொள்ளும் சின்னப் பெட்டி. தட்டினால் பேசும். உள்ளங்கையை நீட்டினால் லேசர் ஒளியில் எழுத்து தெரியும். 'இனி செல்போனே தேவைப்படாது' என்ற பேச்சோடு 2023 நவம்பரில் அமெரிக்காவில் அறிமுகமானது ஏஐ பின்.

தயாரித்தது ஹியூமேன் நிறுவனம். ஆப்பிளில் வேலை பார்த்த இம்ரான் சவுத்ரி, பெத்தனி பாஞ்சியோர்னோ தம்பதி தொடங்கியது. ஓபன்ஏஐ தலைவர் சாம் ஆல்ட்மேனும் பணம் போட்டிருந்தார். விலை 699 டாலர், அதாவது சுமார் 58 ஆயிரம் ரூபாய். அதுபோக மாதம் 24 டாலர் சந்தா வேற!

அறிமுக வீடியோவிலேயே சறுக்கல்

2024 ஏப்ரல் சூரிய கிரகணத்தை எங்கே பார்க்கலாம் என்று கேட்டதற்கு ஆஸ்திரேலியா, கிழக்கு திமோர் என்றது பின். ஆனால் அந்தக் கிரகணம் தெரிந்தது வட அமெரிக்காவில். நம்ம வீட்டு தினசரி காலண்டரில்கூட கிரகணம் எங்கே தெரியும்னு சரியாகப் போட்டிருப்பாங்க.

2024 ஏப்ரலில் கைக்கு வந்ததும் புகார்கள் குவிந்தன. சூடாகிறது, சார்ஜ் நிற்கவில்லை, வெயிலில் உள்ளங்கை எழுத்து தெரியவில்லை. பிரபல யூடியூபர் மார்க்கஸ் பிரவுன்லீ, தான் ரிவ்யூ செய்ததிலேயே மோசமான பொருள் இதுதான் என்றார். தீப்பிடிக்கும் அபாயம் இருப்பதாக, அதன் சார்ஜிங் கேஸும் அதே ஆண்டு அக்டோபரில் திரும்பப் பெறப்பட்டது.

ஏன் இவ்வளவு மெதுவா?

இந்தக் கருவிக்குச் சொந்த மூளை கிடையாது. நீங்கள் கேட்பது மொபைல் நெட்வொர்க் வழியாக எங்கோ இருக்கும் சர்வருக்குப் போகும். அங்கே ஏஐ யோசிக்கும். பதில் அதே வழியில் திரும்பி வரும். இந்தியாவில் இது விற்பனைக்கு வரவில்லை. சும்மா ஒரு பேச்சுக்கு, கீழ்பென்னாத்தூர் பஸ் ஸ்டாண்டில் நின்று "திருவண்ணாமலைக்கு அடுத்த பஸ் எப்போ?" என்று இதனிடம் கேட்டால், அது யோசித்து முடிப்பதற்குள் பக்கத்தில் பூ விற்கும் அக்கா பதில் சொல்லிவிடுவார்.

பெரிய அடி விழுந்ததும் இதே இடத்தில்தான். 2025 பிப்ரவரி 18-ல் ஹியூமேனின் தொழில்நுட்பத்தை 11.6 கோடி டாலருக்கு, நம்ம கணக்கில் சுமார் ஆயிரம் கோடி ரூபாய்க்கு, ஹெச்பி வாங்குவதாக அறிவிப்பு வந்தது. கூடவே, பிப்ரவரி 28-ல் சர்வர் மூடப்படும் என்றும் சொன்னார்கள். பத்தே நாள் அவகாசம்! அதன்பிறகு அழைப்பு, மெசேஜ், கேள்வி-பதில் எதுவும் கிடையாது. 90 நாள் ரிட்டர்ன் காலத்துக்குள் இருந்தவர்களுக்கு மட்டும்தான் பணம் திரும்பக் கிடைத்தது. மற்றவர்கள் கையில் இருந்த பின்னில், சார்ஜ் எவ்வளவு இருக்கு என்று பார்க்கலாம். அவ்வளவுதான்.

நமக்கு இதில் என்ன?

இங்கேயும் வாட்ச், இயர்பட்ஸ், கண்ணாடி என எல்லாவற்றிலும் 'ஏஐ' ஸ்டிக்கர் வந்துவிட்டது. இஎம்ஐ-யில் கையெழுத்து போடும் முன் கடைக்காரரிடம் நெட்டை அணைத்துக் காட்டச் சொல்லுங்க. எது ஓடுகிறது, எது நிற்கிறது என்று அங்கேயே தெரிந்துவிடும். தமிழில் கேட்டுப் பாருங்க. சந்தா உண்டா, எத்தனை நாளுக்குள் திருப்பித் தரலாம் என்பதையும் கேளுங்க.

பில்லைத் தொலைச்சிடாதீங்க. விளம்பரத்தில் சொன்னது வேலை செய்யவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழைக்கலாம். அதில் தீரவில்லை என்றால், பிரச்னை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடலாம்.