போனை ‘ரூட்’ செய்யலாமா?

உலகின் முதல் ஆண்ட்ராய்டு போன் டி-மொபைல் ஜி1. 2008 அக்டோபரில் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. திரையை நகர்த்தினால் அடியில் விசைப்பலகை இருக்கும். அதை வாங்கிய ஒருவர் குறுஞ்செய்தி அனுப்பும்போது ‘ரீபூட்’ என்ற ஆங்கிலச் சொல்லைத் தட்டி எண்டரை அழுத்தினார். போன் அணைந்து, மறுபடி முதலிலிருந்து ஆன் ஆனது.

போனுக்குள் ஒரு கட்டளை நிரல் கண்ணுக்குத் தெரியாமல் ஓடிக்கொண்டிருந்தது. விசைப்பலகையில் தட்டியதெல்லாம் அதற்கும் போய்ச் சேர்ந்தது. அந்த நிரலுக்கு இருந்ததோ போனின் உச்ச அதிகாரம். கூகுள் அப்டேட் அனுப்பி அந்த ஓட்டையை அடைத்தது. அதற்குள் ஆர்வலர்கள் அதன் வழியே புகுந்து, தங்கள் போனின் முழு அதிகாரத்தையும் எடுத்துக்கொண்டார்கள். ‘ரூட் பண்ணுவது’ என்று இன்று நாம் சொல்வது இதைத்தான். இந்த ரூட், வழியல்ல; வேர்.

ஆண்ட்ராய்டின் அடித்தளம் லினக்ஸ். லினக்ஸில் ஒவ்வொரு பயனருக்கும் ஓர் எண் உண்டு. ரூட்டின் எண் 0. நாம் நிறுவும் செயலிகளையும் ஆண்ட்ராய்டு தனித்தனிப் பயனர்களாகவே நடத்துகிறது. அவற்றுக்கான எண்கள் 10,000இல் தொடங்குகின்றன. லைன் வீடுகளில் ஆளுக்கொரு பூட்டு இருப்பதுபோல, ஒரு செயலி வைத்திருப்பதை இன்னொன்று தொட முடியாது. நேற்று இறக்கிய விளையாட்டுச் செயலியால் வங்கிச் செயலியின் கோப்புகளைப் படிக்க முடியாதது இதனால்தான். எண் 0க்கு மட்டும் எல்லா வீட்டுச் சாவியும் உண்டு. காசு கொடுத்து வாங்கியவருக்கும் அந்தச் சாவியைத் தருவதில்லை.

அதைப் பெறும் வழி இது. முதலில் பூட்லோடரைத் திறக்க வேண்டும். போன் ஆன் ஆகும்போது முதலில் ஓடி, இயங்குதளத்தை எழுப்பும் நிரல் அது. திறந்த கணமே போனிலுள்ள படம், செய்தி எல்லாம் அழிந்துவிடும். திருடியவர் பூட்லோடரைத் திறந்து நம் தரவை எடுத்துவிடக் கூடாது என்பதற்கான ஏற்பாடு அது. பிறகு அதே மாடலுக்கும் அதே பதிப்புக்கும் உரிய பூட் கோப்பை எடுத்து, மேஜிஸ்க் போன்ற கருவியால் மாற்றி, கணினியோடு கேபிளில் இணைத்துப் போனில் ஏற்ற வேண்டும். அதன்பின் ஒரு செயலி ரூட் கேட்டால், அனுமதிக்கலாமா என்று திரையில் கேள்வி வரும்.

கிடைக்கும் பலன்கள் உண்மையானவை. நிறுவனம் திணித்து அனுப்பிய செயலிகளை அடியோடு நீக்கலாம். எந்தச் செயலி இணையத்துக்குப் போகலாம் என்று நாமே முடிவு செய்யலாம். செயலிகளை அவற்றின் தரவோடு முழுதாக பேக்கப் எடுக்கலாம். பூட்லோடரைத் திறந்தாலே கிடைக்கும் பலனும் ஒன்று உண்டு: வேறு இயங்குதளத்தை ஏற்றலாம். 2011இல் வந்த சாம்சங் கேலக்ஸி எஸ்2-வுக்கு நிறுவனத்தின் அப்டேட் ஆண்ட்ராய்டு 4.1-ஓடு நின்றது. தன்னார்வலர்கள் உருவாக்கிய லினியேஜ் ஓஎஸ் என்ற இயங்குதளம் அதை 7.1 வரை கொண்டுபோனது. குப்பைக்குப் போக வேண்டிய போன்களுக்கு இன்னும் சில வருட ஆயுள் கிடைத்தது.

ஆனால் சாவிக்கு ஆள் அடையாளம் தெரியாது. நம் கையில் திறக்கும் கதவு கள்ளச் செயலிக்கும் திறக்கும். 2011 மார்ச்சில் ‘டிராய்டுட்ரீம்’ என்ற தீநிரல் ஒளிந்திருந்த ஐம்பதுக்கும் மேற்பட்ட செயலிகளைக் கூகுள் தன் சந்தையிலிருந்து நீக்கியது. அந்தத் தீநிரல், பழைய பதிப்புகளின் ஓட்டைகள் வழியே தானாகவே ரூட் ஆகிவிடும். ரூட் செய்த போனில் அதற்கு அந்தச் சிரமம்கூட வேண்டாம். அனுமதி கேட்கும் பெட்டியில் நாம் ஒருமுறை யோசிக்காமல் விரலை வைத்தால் போதும்.

மற்ற இழப்புகளும் சிறியவை அல்ல. வேறு மாடலின் கோப்பை ஏற்றினால் போன் ஆன் ஆகாமல் செங்கல்லாகக் கிடக்கலாம். வழக்கமாக வரும் பாதுகாப்பு அப்டேட் நிறுவ முடியாமல் தடைபடலாம். வங்கி, யுபிஐ செயலிகள் பலவும் ரூட்டைக் கண்டுபிடித்து ஓட மறுக்கும். சாம்சங் போன்களில் ‘நாக்ஸ்’ என்ற காவலுக்காகச் சிப்புக்குள் ஒரு மின் உருகி உண்டு. சாம்சங்கின் ஒப்புதல் இல்லாத மென்பொருளை ஏற்றினால் அது எரிந்துவிடும். பழைய மென்பொருளையே திரும்பப் போட்டாலும் உருகி மீளாது; செக்யூர் ஃபோல்டர் போன்ற வசதிகள் அந்தப் போனில் அதோடு முடிந்தன.

வேண்டாத செயலிகள்தான் தொல்லை என்றால் ரூட் தேவையில்லை. கணினியோடு இணைத்து ஏடிபி கருவியைக் கொண்டு, அவற்றில் பெரும்பாலானவற்றை நம் கணக்கிலிருந்து எடுத்துவிடலாம். பிறகு வேண்டுமென்றால் திரும்பவும் கொண்டுவரலாம்.

போனுக்குள் என்ன நடக்கிறது என்று அறியும் ஆசை நல்ல ஆசை; அதை அணைக்க வேண்டாம். அலமாரியில் கிடக்கும் பழைய போனை எடுங்கள். சிம்மைக் கழற்றுங்கள், படங்களை வேறிடத்தில் சேமியுங்கள், பிறகு பூட்லோடரைத் திறந்து கற்றுக்கொள்ளுங்கள். பணமும் ஓடிபியும் வந்து சேரும் போனை மட்டும் ரூட் செய்யாதீர்கள்.