இருமினால் எல்லாம் காசநோயா? ஆளை ஏமாற்றும் நுரையீரல் கட்டி!

பூதலூர்:-

தஞ்சாவூருக்குப் போகிற காலை ரெயில். பூதலூர் ஸ்டேஷனில் ஒரு பெரியவர் குனிந்து குனிந்து இருமுகிறார். "என்ன மாமா, ஆஸ்பத்திரிக்குப் போகலையா?" என்று கேட்டால், "பீடி இருமல்தாம்ப்பா, நாப்பது வருசப் பழக்கம்" என்று சிரிப்பார். இப்படி ஒரு மாமா எந்த ஊரிலும் உண்டு.

அவரை வற்புறுத்தி அழைத்துப் போனாலும் வீட்டார் சொல்வது ஒன்றுதான்: "காசமா இருக்கும்!"

ஒரே அடையாளம்

அதிலும் இந்த வட்டாரத்தில் கேட்கவே வேண்டாம். பூதலூர் தாலுகாவைச் சேர்ந்த செங்கிப்பட்டி என்றாலே பழைய ஆட்களுக்குக் காசநோய் ஆஸ்பத்திரிதான் நினைவுக்கு வரும். வாரக்கணக்கில் இருமல், உடம்பு இளைப்பு, சளியில் ரத்தம் என்றால் காசநோயைச் சந்தேகிப்பது சரிதான். ஆனால் நுரையீரல் புற்று நோய்க்கும் இதேதான் அடையாளம்! எக்ஸ்ரே எடுத்தால் இரண்டுமே வெள்ளை நிழலாகத் தெரியும்.

வம்பு இங்கேதான். சளியில் கிருமி தெரியாமலே, நிழலை மட்டும் பார்த்துக் காச மாத்திரை தொடங்குவது உண்டு. அது 6 மாத மருந்து. நிஜத்தில் அது கட்டியாக இருந்தால்? அந்த 6 மாதமும் அது வளரும். ஆபரேஷன் செய்து எடுக்கக்கூடிய காலம் கை நழுவிப் போகும். இரண்டு நோயும் ஒரே நெஞ்சில் குடியிருப்பதும் உண்டு.

43 ஆயிரம் சாவுகள்

இரண்டுக்கும் ஒரு கூட்டாளி இருக்கிறான். டாக்டர் கஜலட்சுமி குழுவினர் சென்னையிலும் விழுப்புரம் பகுதி கிராமங்களிலும் இறந்துபோன 43 ஆயிரம் ஆண்களின் பழக்கங்களை விசாரித்தார்கள். உயிரோடு இருந்த 35 ஆயிரம் ஆண்களோடு ஒப்பிட்டார்கள். 2003-ம் ஆண்டு 'லான்செட்' மருத்துவ இதழில் முடிவு வந்தது. புகை பிடிப்பவர்கள் காசநோயால் சாவது மற்றவர்களைவிடச் சுமார் 4 மடங்கு! புகையால் நுரையீரல் புற்று வருவதோ 1950-லேயே இங்கிலாந்தில் டாலும் ஹில்லும் காட்டிய சங்கதி.

"பீடி சின்னதுதானே" என்பார்கள். அது அடிக்கடி அணையும். அணையாமல் இருக்க, சிகரெட்டைவிட அடிக்கடி இழுக்க வேண்டும். சின்ன பீடி, பெரிய இழுப்பு!

புகையே தொடாதவர்களுக்கும், பெண்களுக்கும் இந்த நோய் வருகிறது. விறகு அடுப்புப் புகையும் ஒரு காரணம். "நான் பீடி குடிக்கலையே" என்று சும்மா இருந்துவிடவும் முடியாது.

நகத்தைப் பாருங்கள்

வேறு சில அடையாளங்களும் உண்டு. காரணம் இல்லாமல் குரல் கம்மிப்போவது. கட்டி நுரையீரல் உச்சியில் இருந்தால் தோளிலும் கையிலும் குடைச்சல். முகமும் கழுத்தும் வீங்குவது. விரல் நுனி பருத்து, நகம் கவிழ்ந்து வளைவது. இரண்டு ஆள்காட்டி விரல் நகங்களையும் முதுகோடு முதுகாக ஒட்டிப் பாருங்கள். நடுவில் சின்ன வைர வடிவ இடைவெளி தெரிய வேண்டும். தெரியாவிட்டால் டாக்டரிடம் காட்டுங்கள். வேறு நோய்களிலும் இப்படி ஆவது உண்டு, பதற வேண்டாம்.

சதை சொல்லும் உண்மை

புற்று என்று உறுதி சொல்வது எக்ஸ்ரே அல்ல, ஸ்கேனும் அல்ல. மூச்சுக்குழாய்க்குள் குழாய் விட்டோ, மார்பில் ஊசி குத்தியோ துளி சதை எடுக்கிறார்கள். அதை மெழுகில் பதித்து, தலைமயிரைவிட மெல்லிசாகச் சீவி, சாயம் ஏற்றி, மைக்ராஸ்கோப்பில் பார்க்கிறார்கள். புகைப்பவர்களுக்கு அதிகம் வரும் ரகம் வேறு. மின்னல் வேகத்தில் பரவும் சிறு செல் ரகம் வேறு. புகைக்காதவர்களுக்கு அதிகம் வரும் 'அடினோ' ரகம் வேறு. இந்த அடினோ ரகத்தில், ஜீன் சோதனையில் குறிப்பிட்ட மாற்றம் தெரிந்தால் தினம் ஒரு மாத்திரையிலேயே பலருக்குக் கட்டி சுருங்குகிறது. ரகம் தெரியாமல் மருந்து கொடுப்பது இருட்டில் கல் எறிகிற வேலை.

ஆகவே 2 வாரத்துக்கு மேல் இருமினால் சளிச் சோதனை. அரசு ஆஸ்பத்திரியில் காசு இல்லை. 2 மாதம் காச மாத்திரை சாப்பிட்டும் இருமல் அடங்கவில்லை, எடை ஏறவில்லை என்றால், "டாக்டர், சதை எடுத்துப் பார்க்கணுமா?" என்று கூச்சப்படாமல் கேளுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி ரெயிலில் போய் வருகிற தூரம்தான். போகும்போது பழைய எக்ஸ்ரே படத்தையும் கையோடு கொண்டு போங்கள். பழசையும் புதுசையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் நிழல் வளர்ந்திருக்கிறதா என்று டாக்டருக்குத் தெரிந்துவிடும். பரண் மேல் கிடந்தால் இன்றைக்கே இறக்கித் துடைத்து வையுங்கள்.