ஆகாயத்தில் கூடும் ஒரு சங்கம்
பெங்களூர் ‘ஹாம்’ வானொலியாளர்களைப் பற்றிய ஒரு பார்வை

மொட்டை மாடியில் இரண்டு மூங்கில்களுக்கு நடுவே இழுத்துக் கட்டிய நீளமான கம்பி. அதிலிருந்து ஜன்னல் வழியாக உள்ளே இறங்கும் ஒரு கேபிள். மேஜை மீது ஒரு ரேடியோ பெட்டி, ஒரு மைக், நேரம் குறித்து வைக்க ஒரு நோட்டுப் புத்தகம். பெங்களூரில் சில வீடுகளில் இந்தக் காட்சியைக் காணலாம். “போலீஸ் வயர்லெஸ்ஸோ?” என்று அக்கம் பக்கத்தார் சந்தேகப்படுவதும் உண்டு. போலீசும் இல்லை, ஒற்றரும் இல்லை. அது ஒரு ‘ஹாம்’ வானொலியாளரின் வீடு.

நாம் அறிந்த ரேடியோவில் ஒருவர் பேசுவார், லட்சம் பேர் கேட்போம். ஹாம் ரேடியோவில் கேட்பவரும் திரும்பப் பேசலாம். சம்பளத்துக்காகவோ வியாபாரத்துக்காகவோ அன்றி, ஆர்வத்துக்காகவே சொந்த நிலையம் வைத்து, உள்ளூரிலும் வெளிநாட்டிலும் உள்ள தம்மைப் போன்றவர்களோடு பேசுகிறவர்களுக்கு ‘அமெச்சூர் ரேடியோ’ நிலையத்தார் என்று பெயர். செல்லப் பெயர், ‘ஹாம்’.

பரீட்சை உண்டு, லைசென்ஸ் உண்டு

யார் வேண்டுமானாலும் மைக்கைப் பிடித்துப் பேசிவிட முடியாது. மத்திய அரசின் தகவல் தொடர்புத் துறை நடத்தும் பரீட்சையில் தேற வேண்டும். ரேடியோ எப்படி இயங்குகிறது, சட்டதிட்டங்கள் என்ன என்ற இரண்டிலும் கேள்விகள் வரும். 12 வயது நிரம்பியவர் முதல் பென்ஷன் வாங்கும் பெரியவர் வரை எழுதலாம். தேறியவருக்கு அரசு ஓர் அழைப்புக் குறி கொடுக்கும். இந்தியாவில் அது ‘வி.யு.’ என்று தொடங்கும். அதன் பின் ஓர் எண்ணும் சில எழுத்துகளும். உலகத்தில் வேறு எவருக்கும் அதே குறி இராது.

வானலையில் விளம்பரம் செய்யக்கூடாது. பாட்டுப் போடக்கூடாது. அரசியல் பேசக்கூடாது. ரகசியச் சங்கேதம் உதவாது. பேசுவது யார் காதிலும் விழலாம் என்பதால், எல்லாம் வெளிப்படையாக இருக்க வேண்டும் என்பது விதி.

இந்தியாவில் இதன் கதை பழையது. கல்கத்தாவைச் சேர்ந்த அமரேந்திர சந்திர குப்து 1921-ல் லைசென்ஸ் பெற்றார். நம் நாட்டின் முதல் ஹாம் என்று அவரையே குறிப்பிடுகிறார்கள். 1939-ல் உலகப் போர் மூண்டதும் வெள்ளையர் அரசு புது லைசென்ஸ் கொடுப்பதை நிறுத்தி, இருந்தவர்களின் டிரான்ஸ்மிட்டர்களையும் ஒப்படைக்கச் சொல்லிவிட்டது. சுதந்திரத்துக்குப் பின் 1948-ல் மத்தியப் பிரதேசத்து மௌ ராணுவ சிக்னல் பள்ளியில் அகில இந்திய அமைப்பு பிறந்தது. அதுவே பின்னர் டெல்லிக்கு இடம் மாறி, ‘அமெச்சூர் ரேடியோ சொசைட்டி ஆஃப் இந்தியா’ ஆயிற்று.

பெங்களூருக்கு என்ன சம்பந்தம்?

காரணம் தேடி அலைய வேண்டாம். தூரவாணி நகரில் டெலிபோன் செய்யும் ஐ.டி.ஐ. 1948-ல் வந்தது. ஜாலஹள்ளியில் ராணுவத்துக்கு வயர்லெஸ் செய்யும் பி.இ.எல். 1954-ல் வந்தது. எச்.ஏ.எல். அதற்கு முன்பே இருந்தது. பின்னர் விண்வெளி ஆராய்ச்சி நிலையமும் சேர்ந்தது. இந்தத் தொழிற்சாலைகளில் வேலை தேடி நம்மவர்கள் எத்தனை ஆயிரம் பேர் வந்தார்கள் என்பது வாசகர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பகலில் சால்டரிங் இரும்பு பிடித்த கை, மாலையில் வீட்டிலும் அதைப் பிடிக்க ஆசைப்படுவது இயல்புதானே? கழித்துக் கட்டிய சாமான்களுக்கும் உதிரிப் பாகங்களுக்கும் எஸ்.பி. ரோடு இருக்கவே இருக்கிறது.

இன்னொரு முன்னோடியும் இந்த மாநிலத்தில் உண்டு. மைசூர்ப் பேராசிரியர் எம்.வி. கோபாலசாமி 1935-ல் தம் வீட்டிலேயே சிறு ஒலிபரப்பு நிலையம் தொடங்கினார். அதற்கு அவர் வைத்த ‘ஆகாசவாணி’ என்ற பெயரைத்தான் பிற்காலத்தில் அகில இந்திய வானொலியும் ஏற்றது.

வெளிநாட்டு ரேடியோ பெட்டிகளுக்குச் சுங்க வரி கழுத்தை நெரித்த நாட்களில், வால்வும் சேஸிஸும் தேடி, டிரான்ஸ்மிட்டரைத் தாமே கட்டியவர்களே அதிகம். 1980களில் அந்த வரிச்சுமை குறைந்தது. அப்போதைய பிரதமர் ராஜீவ் காந்தியே ஒரு ஹாம் என்பது பலருக்குத் தெரியாது. அவரது குறி வி.யு.2 ஆர்.ஜி.

கிளப்பில் என்ன செய்கிறார்கள்?

பெங்களூர் அமெச்சூர் ரேடியோ கிளப், இந்தியன் இன்ஸ்டிடியூட் ஆஃப் ஹாம்ஸ் போன்ற அமைப்புகள் இங்கே உண்டு. விண்வெளி நிலைய ஊழியர்களுக்கும் ‘உபகிரகா’ என்ற பெயரில் ஒரு கிளப் இருக்கிறது. புதியவர்களைப் பரீட்சைக்குத் தயார் செய்வதுதான் இத்தகைய கிளப்புகளின் முதல் வேலை. அடுத்தது, கூட்டாக வானலைக்கு வருவது. குறித்த நேரத்தில், குறித்த அலைவரிசையில் எல்லோரும் ஆஜராவார்கள். அதற்கு ‘நெட்’ என்று பெயர். ஒருவர் தலைமை ஏற்று வரிசையாகப் பெயர் கூப்பிடுவார். பள்ளிக்கூட அட்டெண்டன்ஸ் மாதிரிதான். ஆனால் ஒருவர் பெங்களூரில், ஒருவர் கோயமுத்தூரில், இன்னொருவர் ஹைதராபாத்தில் இருப்பார்.

சிற்றலை வானத்தின் மேல்தட்டில் பட்டுத் திரும்பி வருவதால் இது முடிகிறது. பெரிய மின்விளக்கு ஒன்றுக்கு வேண்டிய 100 வாட் சக்தி, வானம் அனுகூலமாக இருந்தால் ஐரோப்பா வரை போய்ச் சேரும். ஊருக்குள் பேசக் கைக்கடக்கமான செட் போதும். உயரமான கட்டடத்தின் மேல் வைத்த ‘ரிப்பீட்டர்’ அதை வாங்கி, வலுவூட்டி, மறுபடி அனுப்பும்.

இது தவிர, ஒளித்து வைத்த டிரான்ஸ்மிட்டரை ஆன்டெனாவால் தேடிக் கண்டுபிடிக்கும் ‘நரி வேட்டை’ விளையாட்டு உண்டு. ஒவ்வோர் அக்டோபரிலும் சாரணர்களை வானலையில் பேச வைக்கும் ‘ஜம்போரி’ உண்டு. முதன்முறை பேசிய தூரத்து நண்பருக்கு அழகான அட்டை ஒன்றைத் தபாலில் அனுப்புவதும் பழைய வழக்கம். அந்த அட்டைகளைச் சுவர் முழுக்க ஒட்டி வைத்திருப்பவர்கள் உண்டு.

மோர்ஸ் தந்தியையும் இவர்கள் விடவில்லை. தந்தி ஆபீசில் ‘கட்டுக் கடக்’ என்று கேட்ட அதே மொழிதான். 2013 ஜூலையில் அரசு தந்திச் சேவையை மூடிவிட்டது. ஆனால் “டா டிட் டா டிட், டா டா டிட் டா” என்று ஹாம்கள் இன்றும் தட்டுகிறார்கள். ‘சி.க்யூ.’ என்று பொருள். யாராவது கேட்கிறீர்களா என்ற பொது அழைப்பு அது.

மேலதிகாரியும் ‘ஓல்ட் மேன்’தான்

வானலையில் பதவி தெரியாது, ஜாதி தெரியாது, சட்டையின் விலை தெரியாது. தெரிவதெல்லாம் குரலும் அழைப்புக் குறியும்தான். பதினெட்டு வயதுப் பையனையும் ‘ஓல்ட் மேன்’ என்றுதான் அழைப்பார்கள், ஜெனரல் மானேஜரையும் அப்படியே. பகலில் ஆபீசில் எழுந்து நின்று ‘சார்’ போடுகிற குமாஸ்தா, மாலையில் தம் மேலதிகாரிக்கு ஆன்டெனா கட்டும் முறையைச் சொல்லிக் கொடுக்கலாம். வேற்று மாநிலத்தில் வந்து குடியேறிய நமக்கு, பக்கத்து வீட்டுக்காரரோடு பேசுவதற்கே மொழி தடையாக இருந்த நாட்கள் உண்டு. இங்கே கன்னடரும் தமிழரும் வங்காளியும் ஒரே நெட்டில் கூடுகிறார்கள். பாஷை தடுமாறினாலும், விடைபெறும்போது எல்லோரும் சொல்வது ஒரே எண், ‘73’. நல்வாழ்த்துகள் என்று அர்த்தம்.

வானத்தில் ஒரு சொந்தக் கோள்

2005 மே 5-ந் தேதி ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பிய பி.எஸ்.எல்.வி. ராக்கெட்டில், பெரிய கோளோடு ‘ஹாம்சாட்’ என்ற சிறு கோளும் போயிற்று. எடை சுமார் 42 கிலோ. உலக ஹாம்கள் யாவரும் இலவசமாகப் பயன்படுத்தக் கொடுத்தது. அதில் இரண்டு தொடர்புக் கருவிகள். ஒன்று இந்தியத் தயாரிப்பு, மற்றொன்று நெதர்லாந்து மாணவர் ஒருவர் செய்தது. இரண்டாண்டு தாங்கும் என்று அனுப்பியது, 2014 வரை உழைத்தது.

வேடிக்கை, உயிர் காக்கும் வேளை

இதெல்லாம் பொழுதுபோக்குத்தானே என்று கேட்கலாம். 2004 டிசம்பரில் பாரதி பிரசாத் என்ற பெண்மணியின் தலைமையில் ஹாம்கள் அந்தமானுக்குப் போயிருந்தார்கள். பல ஆண்டுகள் முயன்று வாங்கிய அனுமதி அது. போர்ட் பிளேரில் நிலையம் அமைத்து, உலகத்தோடு பேசிக்கொண்டிருந்தார்கள். 26-ந் தேதி காலை பூமி நடுங்கியது. கடல் பொங்கியது. டெலிபோன் போயிற்று. வேடிக்கைக்கு வைத்த அந்த நிலையமே செய்தி நிலையம் ஆயிற்று. குழுவிலிருந்து சிலர் கார் நிக்கோபாருக்கும் போனார்கள். உறவினர் உயிரோடு இருக்கிறாரா என்ற ஒரே கேள்விக்குப் பதில் தேடி, தீவுக்கும் நிலப்பரப்புக்கும் இடையே செய்திகள் ஓடின. அந்தமானில் நம் தமிழ் மக்கள் எவ்வளவு பேர் என்பதை நினைத்துப் பாருங்கள்.

1993 லாத்தூர் பூகம்பத்திலும், 1999 ஒரிசா புயலிலும், 2001 பூஜ் பூகம்பத்திலும் ஹாம்கள் இப்படிப் பணி செய்தார்கள். சாதாரண நாளில் பிறருடைய செய்தியைக் கொண்டு செல்ல இவர்களுக்கு அனுமதி இல்லை. பேரிடர் வேளையில் மட்டும் அதற்கு இடம் தந்திருக்கிறார்கள்.

“கையில் செல்போன் இருக்கையில் இது எதற்கு?” என்ற கேள்விக்கு, 2015 டிசம்பர் சென்னை வெள்ளத்தை நினைவுபடுத்தினால் போதும். இங்கிருந்து எத்தனை பேர் தாய் தந்தையரை அழைத்து அழைத்து, மணியடிக்காத போனைப் பார்த்துக் கொண்டிருந்தோம்! செல்போனுக்குக் கோபுரம் வேண்டும், கோபுரத்துக்கு மின்சாரம் வேண்டும். ஹாமுக்கு ஒரு கார் பேட்டரியும் முப்பது அடிக் கம்பியும் போதும்.

இடம் கொடுக்குமா மொட்டை மாடி?

ஆனால் இந்தச் சங்கத்துக்கும் கவலைகள் உண்டு. தனி வீடுகள் போய் அடுக்குமாடிகள் வந்துவிட்டன. ஆன்டெனா கட்ட வேண்டுமென்றால் மற்றவர்கள் முகம் சுளிக்கிறார்கள். எல்.இ.டி. விளக்கும் மலிவான சார்ஜரும் எழுப்பும் இரைச்சலில் தூரத்துக் குரல் அமுங்கிப் போகிறது. இளைஞர்களுக்கோ போனிலேயே உலகம் தெரிகிறது. பெரியவர்கள் ஒவ்வொருவராக விடைபெறும்போது, அந்தக் கைப்பழக்கமும் அவர்களோடு போகிறது. ஆபத்து நாளில் அவசரமாகக் கற்றுக்கொள்ளக்கூடிய வித்தை அல்ல இது. நல்ல நாளில் பழகியிருந்தால்தான் கெட்ட நாளில் கை ஓடும்.

ஆர்வமுள்ளவர்கள் கிளப் ஒன்றை அணுகிப் பரீட்சைக்குப் படிக்கலாம். பெரிய படிப்பு தேவையில்லை. மாலை நேரமும் பொறுமையும் இருந்தால் சில மாதங்களில் தயாராகிவிடலாம். பேசாமல் கேட்டுப் பழகச் சிற்றலை ரேடியோ ஒன்று போதும். ஓர் எச்சரிக்கை: சில ஆயிரம் ரூபாய்க்குக் கடையில் கிடைக்கிறது என்று வாக்கி-டாக்கியை வாங்கி, லைசென்ஸ் இல்லாமல் ஹாம் அலைவரிசையில் பேசுவது சட்டப்படி குற்றம்.

வீட்டில் ரேடியோவைப் பிரித்துப் போட்டு ஏச்சு வாங்குகிற பையனோ பெண்ணோ இருந்தால், இந்தப் பக்கத்தை அவர்களிடம் கொடுங்கள். அடுத்த வெள்ளத்தில் உங்கள் ஊர்ச் செய்தியைக் கொண்டு வரும் குரல், அவர்களுடையதாகவே இருக்கலாம்.