சுருக்கெழுத்துப் பொறியில் நகர னகரங்கள்

வாயினின்று எழுந்த சொல் காற்றிற் கரையுமுன் அதனைப் பற்றி நிறுத்துதல் சுருக்கெழுத்தின் தொழில். ஐசக் பிட்மன் 1837-இல் வெளியிட்ட கோட்டெழுத்து முறையை நம்மவர் நன்கறிவர். அமெரிக்க நீதிமன்றங்களிற் பெரிதும் வழங்குவதோ வேறொன்று; கோல் பிடித்தெழுதாது, விசை அழுத்தி எழுதும் 'ஸ்டெனோடைப்' என்னும் பொறி அது. இன்றுள்ள அதன் விசையமைப்பு, 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வார்டு ஸ்டோன் அயர்லாந்து என்னும் நீதிமன்றச் சுருக்கெழுத்தர் வகுத்ததை அடியொற்றியது. அப்பொறியில் ஆங்கிலத்து 'என்' என்னும் எழுத்தொலியை எழுதப் பயிலுமாற்றையே ஈண்டுக் கூறப் புகுகின்றோம். ஓரெழுத்துக்கு ஒரு கட்டுரையோ என நகுவார் உளராயினும், தொல்காப்பியம் பயின்றார் நகார்.

பொறியில் எண்களுக்குரிய நீள்விசை நீங்கலாக உள்ள விசைகள் 22. சொல்லின் முதலொலிக்குரிய மெய்கள் இடக்கையின்கீழ் ஏழு. இறுதியொலிக்குரியன வலக்கையின்கீழ்ப் பத்து. பெருவிரல்கட்கு உயிர்கள் நான்கு. பிழைபட்டதை அழித்தற்கு உடுக்குறி ஒன்று. தட்டச்சிற்போல ஒவ்வோர் எழுத்தாகத் தட்டுவதன்று. ஓர் அசைக்கு வேண்டும் விசைகள் அனைத்தையும் பியானோவில் இன்னிசைக் கூட்டு எழுப்புவார்போல ஒருங்கே அழுத்துதல் வேண்டும்.

இவ்விருபத்திரண்டனுள் 'என்' என்பதற்கெனத் தனி விசை யாண்டும் இல்லை. சொன்முதலில் அதனை எழுதவேண்டின், இடக்கை மேல்வரிசையிலுள்ள 'டி', 'பி', 'எச்' என்னும் மூன்றையும் அணிவிரல், நடுவிரல், சுட்டுவிரல் ஆகியவற்றால் ஒருசேர அழுத்துதல் வேண்டும். மூன்று வல்லொலிகள் கூடி ஒரு மெல்லொலி பிறக்குமாறு எங்ஙனம் என வினவற்க; இது வழக்கே, ஒலிநூல் அன்று. இடர் பிறிதோரிடத்தில் உள்ளது. அம்மூன்றனுள் எவ்விரண்டு கூடினும் வேறோர் எழுத்தாகும். 'டி'யும் 'பி'யும் கூடின் 'எஃப்'; 'பி'யும் 'எச்'சும் கூடின் 'எம்'; 'டி'யும் 'எச்'சும் கூடின் தகரத்தை ஒத்த ஒலி. ஆகவே ஒருவிரல் பின்தங்கினும் எழுத்து குறைபடுவதன்று, மாறிவிடுகின்றது. ஒன்பது எனப் பொருள்படும் 'நைன்' என்னும் சொல் 'ஃபைன்' ஆகும், 'மைன்' ஆகும், பழைய ஆங்கிலத்து 'தைன்' ஆகும். நான்கும் பொருளுடைய சொற்களே ஆதலின், பொறியும் ஐயுறாது அவற்றை ஏற்றுக்கொள்ளும்.

"உன் பையிலிருந்த பொருள்கள் எத்தனை?" என வினவப்பட்டான் ஒருவன் 'ஒன்பது' என விடையிறுக்க, அணிவிரல் ஒன்று தாழ்த்தமையால் 'என்னுடையவை' எனப் பதிவாயின், மேன்முறையீட்டில் அப்பதிவைக் கண்ணுறும் நடுவர் யாது நினைப்பர்? செவிப்புலனற்ற மாணவர்க்கு ஆசிரியர் உரையை உடனுக்குடன் எழுத்தாக்கித் தருவோரும் இப்பொறியையே கையாள்கின்றனர். அம்மாணவர்க்கு விரல் எழுதியதே ஆசிரியர் சொன்னது. ஒப்புநோக்க வேறு சான்றில்லை.

சொல்லிறுதியில் வரும் 'என்' முற்றிலும் வேறு வடிவுடையது. வலக்கை நடுவிரலின்கீழ் மேலும் கீழுமாக இரு விசைகள் உள. தமிழெழுத்திற் பகரம் ஒன்றே ஆதலின் அவற்றை வன்பகரம், மென்பகரம் எனக் குறிப்போம். இரண்டிற்கும் இடையேயுள்ள விளிம்பில் அவ்வொரு விரலை ஊன்றி இரண்டையும் அழுத்துவதே இறுதி 'என்'. விரல் மேலேறின் 'இயலும்' என்னும் பொருளுடைய 'கேன்' தொப்பியாகும். கீழிறங்கின் வாடகை வண்டியாகும்.

ஓரொலிக்கு முதலில் மூன்று விரல், இறுதியில் ஒருவிரல் என்பது ஆங்கிலம் மட்டும் கற்றார்க்குப் புதுமையாகத் தோன்றலாம். தமிழ் மாணவராகிய நமக்கு அது வியப்பன்று. 'நான்' என எழுதுங்கால் முதற்கண் தந்நகரமும் இறுதிக்கண் றன்னகரமும் இடுகின்றோம், றன்னகரம் மொழிமுதலாகாது, தந்நகரம் மொழியிறுதியில் நிற்பதோ மிக அரிது. எழுத்துக்கு இடம் உண்டென்பதை இளமையிலேயே கற்ற கைக்கு இப்பொறி அத்துணை அயலன்று.

பயிலும் முறை பற்றிச் சில கூறுதும். விசைகள் அனைத்தும் மேலெழுந்த பின்னரே பொறி அவ்வசையைப் பதிவுசெய்யும். எனவே மூன்று விரலும் ஒரே கணத்தில் இறங்குதல் வேண்டுவதன்று. ஒன்று எழுமுன் மூன்றும் இறங்கியிருத்தலே வேண்டுவது. இதனை அறியாது விரைவார், தனித்தியங்கும் ஆற்றல் குன்றிய அணிவிரலையே பெரும்பாலும் இழப்பர். முதற்கண் மெல்ல அழுத்தி, மூன்றும் அடிதொட்டதை உணர்ந்து, பின்னர் விடுத்தல் நன்று. 'டி, பி, எச்' என நாவால் எண்ணுதல் ஆகாது. 'ந்' என்றே ஒலித்தல் வேண்டும்.

பொறி விலைமிக்கது. 'ப்ளோவர்' என்னும் இலவச மென்பொருள் கொண்டு, பல விசைகளை ஒருங்கே ஏற்கும் கணினித் தட்டச்சுப் பலகையிலும் பயிலலாம். ஆயின் அதன் வரிசைகள் சற்றே சாய்ந்திருத்தலின், இறுதி 'என்'னுக்குரிய விளிம்பைத் தேடி நடுவிரல் வருந்தும். 'நைன்' என்னும் சொல்லே சிறந்த பயிற்சி: முதலில் மூன்று விசை, நெட்டுயிரொலிக்கு நான்கு, இறுதிக்கு இரண்டு, ஆக ஒன்பதும் ஒரே அழுத்தில். அமெரிக்கத் தேசிய நீதிமன்றச் சுருக்கெழுத்தர் சங்கத்தின் தேர்வில் வினாவிடைப் பகுதிக்கு வேண்டப்படும் வேகம் நிமிடத்திற்கு 225 சொற்கள். திருத்தம் நூற்றுக்கு 95. தொடங்குவார்க்கு நிமிடத்திற்குப் பத்துமுறை 'நைன்' என எழுதுதலே போதியது.