பாக்தாத்தின் பாட்டுக்குச் சொந்தக்காரர்கள்

சாலே அல்-குவைத்தியின் வயலினைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனத்துவிடும். அவர் வயலின், தம்பி தாவூத் ‘ஊத்’ என்ற அரபுத் தந்தி வாத்தியம். குவைத்தில் பிறந்து பாக்தாத்தில் கொடிகட்டிப் பறந்த யூதச் சகோதரர்கள். 1936-இல் ஈராக் வானொலி தொடங்கியபோது அதன் இசைக்குழுவை நடத்தியவர் சாலேதான்.

நமக்கு ராகம்போல அரபு இசைக்கு மகாம். பாக்தாத்தில் அதற்குப் பக்கவாத்தியம் வாசித்தவர்களில் பெரும்பாலோர் யூதர்கள். கொட்டாங்குச்சியில் தோல் போர்த்திய நான்கு தந்தி ‘ஜோசா’வை வில்லால் இழைத்தார்கள், சந்தூரைத் தட்டினார்கள். 1932 கெய்ரோ அரபு இசை மாநாட்டில் ஈராக்கிய வாத்தியக்காரர்கள் பெரும்பாலும் அவர்களே.

1950-51-இல் சுமார் 1,20,000 யூதர்கள் ஈராக்கைவிட்டு இஸ்ரேல் போனார்கள். சகோதரர்களும் போனார்கள், டெல் அவிவில் கடை வைத்துப் பிழைத்தார்கள். ஈராக்கிலோ அவர்கள் மெட்டுகள் ஒலித்தன, பெயர்கள் மறைந்தன. அது பெரிய அநீதி.

தாவூதின் பேரன் டுடு டாசா 2011-இல் அந்தப் பாடல்களை ராக் இசையோடு ஆல்பமாக்கினார். தேடிக் கேளுங்கள், மெட்டமைத்தவர் பெயரையும் சேர்த்துச் சொல்லுங்கள்.