பெயர்ப் பட்டியலில் தொடங்கியது

அப்பா வீட்டுக்குள் மட்டும்தான் லுங்கி கட்டுவார். வாசலில் யாராவது கூப்பிட்டால் உள்ளே போய் பேண்ட் மாட்டிக்கொண்டுதான் கதவைத் திறப்பார். பால்காரர் வந்தாலும் அப்படித்தான். பம்பாய்க்கு வெளியே கல்யாண் நகருக்குக் குடிவந்து முப்பது வருடம் ஆன பிறகும் அந்தப் பழக்கம் அவரை விடவில்லை. 1966இல் பம்பாய் மாட்டுங்காவில் ஒரு ஹோட்டலில் கணக்கு எழுதிக்கொண்டிருந்த இளைஞர் அவர். 'பஜாவ் புங்கி, ஹடாவ் லுங்கி' என்ற கோஷம் தெருவில் வருவதைக் கல்லாவில் உட்கார்ந்து கேட்டவர். ஊதுகுழலை ஊது, லுங்கிக்காரனை விரட்டு என்று அர்த்தம்.

அந்தக் கோஷத்துக்கு முன்னால் ஒரு பட்டியல் இருந்தது. கார்ட்டூனிஸ்ட் பால் தாக்கரே 1960இல் 'மார்மிக்' வாரப் பத்திரிகையைத் தொடங்கினார். பம்பாயின் கம்பெனிகளிலும் அலுவலகங்களிலும் பெரிய பதவியில் இருப்பவர்களின் பெயர்களை அது வரிசையாக அச்சிட்டது. ஐயர், மேனன், ராவ், ஷெட்டி, நாயர் என்று பத்தி நிறையப் பெயர்கள்தான், கட்டுரைகூடக் கிடையாது. 'படியுங்கள், சும்மா இருங்கள்' என்று மராத்தியில் தலைப்பு. கொஞ்ச காலத்தில் அது 'படியுங்கள், எழுந்திருங்கள்' என்று மாறியது. 1966 ஜூன் 19 அன்று சிவசேனை பிறந்தது. அக்டோபர் 30 அன்று சிவாஜி பார்க்கில் முதல் தசரா பொதுக்கூட்டம். அதை ஒட்டியே தென்னிந்திய ஹோட்டல்கள் தாக்கப்பட்டன.

மராத்தி இளைஞர்களின் கோபத்துக்குக் காரணமே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். 1960 மே 1 அன்று மராத்தியருக்கென்று மாநிலம் கிடைத்தது. அதன் தலைநகரில் மராத்தி பேசுவோர் 1961 கணக்கெடுப்பின்படி 43 சதவீதம்கூட இல்லை. தொழிலும் வணிகமும் பெரும்பாலும் பிறர் கையில். டைப்பிங், ஷார்ட்ஹேண்ட், ஆங்கிலம் என்று தயாராக வந்த நம் ஆட்கள் குமாஸ்தா நாற்காலிகளில் உட்கார்ந்துவிட்டார்கள். சொந்த ஊரிலேயே வேலை கிடைக்காதவனுக்கு வலிக்கத்தான் செய்யும்.

ஆனால் கல் யார் மேல் விழுந்தது? பட்டியலில் இருந்தவர்கள் அதிகாரிகள். தெருவில் அகப்பட்டவர்களோ இட்லித் தட்டைத் தலையில் சுமந்து விற்றவர்கள், உடுப்பி ஹோட்டலில் மேசை துடைத்த பையன்கள். தாராவியின் தோல் கிடங்குகளில் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து உழைத்தவர்கள் எந்த மராத்தியரின் குமாஸ்தா வேலையையும் பறித்தவர்கள் அல்ல. அவர்களுக்கும் 'மதராஸி' என்ற அதே பெயர்தான்.

அப்போதுதான் பிறந்த ஒரு குழுவுக்கு இவ்வளவு துணிச்சல் எங்கிருந்து வந்தது? ஆளுங்கட்சியிடமிருந்துதான். பம்பாய் ஆலைத் தொழிலாளரிடம் கம்யூனிஸ்ட் சங்கங்கள் வலுவாக இருந்த காலம் அது. அவற்றை உடைக்கக் காங்கிரஸுக்கு ஒரு கை தேவைப்பட்டது. முதலமைச்சர் வசந்தராவ் நாயக்கின் பெயரைச் சேர்த்து ஊரார் சேனையை 'வசந்த சேனை' என்றே கேலி பேசினார்கள். 1967 தேர்தலில் காங்கிரஸ் சீட்டு மறுத்ததால் சுயேச்சையாக நின்ற வி.கே. கிருஷ்ண மேனனுக்கு எதிராகச் சேனை வேலை செய்தது. மேனன் தோற்றார். அந்த டிசம்பரில் பரேலில் கம்யூனிஸ்ட்களின் தள்வி பில்டிங் அலுவலகம் தாக்கப்பட்டது. 1968இல் மாநகராட்சியின் 140 இடங்களில் 42 சேனைக்கு. 1970 ஜூன் 5 அன்று கம்யூனிஸ்ட் எம்.எல்.ஏ. கிருஷ்ணா தேசாய் கொலை செய்யப்பட்டார். அந்தத் தொகுதியின் இடைத்தேர்தலில் ஜெயித்த வாமன்ராவ் மகாதிக்தான் சேனையின் முதல் எம்.எல்.ஏ.

பெரிய கட்சி ஒன்று இப்படி ஒரு குழுவைப் பக்கத்தில் வைத்துக்கொள்வது அதே வருடங்களில் லண்டனிலும் நடந்தது. ஆப்பிரிக்கக் காலனிகளை விட்டுக்கொடுப்பதை எதிர்த்து, கன்சர்வேடிவ் கட்சியின் வலது ஓரத்தில் 1961இல் 'மண்டே கிளப்' தொடங்கப்பட்டது. சேனை தெருவில் நின்றது, இது பிரபுக்களும் எம்.பி.க்களும் உட்கார்ந்து பேசிய மன்றம். 1968 ஏப்ரல் 20 அன்று ஈனாக் பவல் பர்மிங்காமில் குடியேறிகளுக்கு எதிராக நஞ்சு கக்கினார். கட்சித் தலைவர் எட்வர்ட் ஹீத் மறுநாளே அவரை நிழல் அமைச்சரவையிலிருந்து நீக்கினார். மண்டே கிளப்புக்கோ கதவு திறந்தே இருந்தது. 1972இல் உகாண்டாவிலிருந்து இடி அமீன் துரத்திய ஆசியர்களை ஹீத் அரசு ஏற்றபோது, குடியேற்றத்தை நிறுத்து என்று அந்தக் கிளப் இயக்கமே நடத்தியது. 2001இல்தான் கட்சி அதனுடன் உறவைத் துண்டித்து, தன் எம்.பி.க்கள் 3 பேரை அதிலிருந்து விலகச் சொன்னது. அதற்குள் 40 வருடம் ஓடிவிட்டது.

இங்கே காங்கிரஸ் அந்தக் கதவைச் சாத்தவே இல்லை. ஆளுங்கட்சிக்குக் கையாளாக இருந்த குழு 1995இல் தானே ஆட்சியைப் பிடித்தது. அதற்குள் அதன் எதிரிகள் மாறியிருந்தார்கள். மதராஸி போய் முஸ்லிம் வந்தார். 1992–93 கலவரத்தில் தாராவியில் என்ன நடந்தது என்பதை அங்கே கேட்டால் இன்றும் கண் கலங்கச் சொல்வார்கள். பிறகு வட இந்தியர் முறை. 2006இல் சேனையிலிருந்து பிரிந்த ராஜ் தாக்கரே தனிக்கட்சி கண்டார். 2008 அக்டோபரில் ரயில்வே தேர்வு எழுத வந்த பையன்களை அவருடைய ஆட்கள் அடித்தார்கள். ரத்னகிரியில் கைதான அவரை எங்கள் கல்யாண் நீதிமன்றத்துக்கும் கொண்டுவந்தார்கள். அன்று கடைகளின் ஷட்டர்கள் இறங்கிக் கிடந்தன. எதிரே இருந்த பீகார்க் குடும்பத்துப் பிள்ளைகளை அம்மா எங்கள் வீட்டுக்குள் கூப்பிட்டு உட்கார வைத்துச் சோறு போட்டார். அப்பா ஒன்றும் பேசவில்லை. எழுந்து போய்த் தாழ்ப்பாளை மட்டும் போட்டார்.

இன்று தமிழரிடம் ஓட்டுக் கேட்டு எல்லாக் கட்சிகளும் வருகின்றன. பழைய பேச்சு மட்டும் அடங்கவில்லை. 2025 ஜூலையில் எம்.எல்.ஏ. விடுதி கேன்டீனில் பருப்பு கெட்டுப்போயிருந்தது என்று ஊழியரை அறைந்த சேனை எம்.எல்.ஏ. சஞ்சய் கெய்க்வாட், தென்னிந்தியர்கள் மகாராஷ்டிரத்தின் பண்பாட்டைக் கெடுக்கிறார்கள் என்றும் பேசினார்.

தமிழ்நாட்டில் இருக்கும் வாசகர்களிடம் ஒன்று கேட்கிறேன். திருப்பூரிலும் கோவையிலும் சென்னையிலும் 'வடக்கன்' என்ற சொல் இப்போது வெகு சாதாரணமாகப் புழங்குகிறது. இந்தக் கடையில் இத்தனை பேர், அந்தத் தறியில் இத்தனை பேர் என்று பட்டியல் போடுகிறவர்கள் அங்கேயும் இருக்கிறார்கள். வேலையில்லாத் திண்டாட்டத்தைப் பற்றிப் பேசுங்கள், கூலியைக் குறைப்பதற்காக வெளியூர் ஆளைத் தேடும் முதலாளியைக் கேளுங்கள். பானிபூரி வண்டி தள்ளுகிறவனை விட்டுவிடுங்கள். நீங்கள் ஓட்டுப் போடும் கட்சி அந்தப் பட்டியல்காரர்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டால், அவர்களை வெளியே அனுப்பச் சொல்லி இப்போதே கேளுங்கள்.