போதை என்ற பேச்சே இல்லாத பாடம்

ஓசூரை அடுத்த ஜூஜுவாடி சோதனைச்சாவடியில் குட்கா பிடிபட்டது என்பது இங்கே பழகிப்போன செய்தி. தமிழ்நாடு குட்காவைத் தடை செய்தது 2013-இல். இன்றுவரை கார், பஸ், காய்கறி லோடு என்று எதிலாவது அது வந்துகொண்டுதான் இருக்கிறது. பெங்களூர் இங்கிருந்து 40 கிலோமீட்டர். தினமும் எல்லை தாண்டி வேலைக்குப் போய் வருபவர்கள் ஆயிரக்கணக்கில். அத்தனை பேர் பையையும் திறந்து பார்க்க எந்தப் போலீசாலும் ஆகாது.

பிடிக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. ஏன் பிடிக்க வேண்டும் என்பதற்கு 'கூல் லிப்' என்ற சின்னப் புகையிலைப் பொட்டலத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். உதட்டுக்கும் ஈறுக்கும் நடுவே ஒதுக்கிக்கொண்டால் போதும். புகை கிடையாது. கணக்குப் பாடம் நடக்கும்போதே நிகோட்டின் ஏறிக்கொண்டிருக்கும். கரும்பலகை அருகே நிற்பவருக்குத் தெரியாது. 2024-இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையே இதை நாடு முழுக்க ஏன் தடுக்கக்கூடாது என்று கேட்டது.

ஆனால் வாங்குகிற பையனுக்கு நாம் என்ன செய்கிறோம்? ஜூன் 26, போதை ஒழிப்பு நாள் வந்தால் பேரணி, உறுதிமொழி, ஒரு காவல் அதிகாரியின் பேச்சு. அமெரிக்காவில் இதைப் பெரிய அளவிலேயே செய்து பார்த்தார்கள். 1983-இல் லாஸ் ஏஞ்சலிஸில் தொடங்கிய 'டேர்' திட்டத்தில் சீருடைக் காவலர்களே வகுப்பெடுத்தார்கள். நாடு முழுக்கப் பரவிய பிறகு ஆய்வாளர்கள் கணக்கெடுத்தால், பாடம் கேட்ட பிள்ளைகளுக்கும் கேட்காத பிள்ளைகளுக்கும் போதைப் பழக்கத்தில் சொல்லும்படியான வித்தியாசமே இல்லை.

பலன் தந்த திட்டங்களைப் பார்த்தால், பலவற்றில் போதை என்ற பேச்சே அதிகம் இல்லை. பால்டிமோர் நகரில் 1985-இல் ஒன்றாம் வகுப்புக் குழந்தைகளுக்கு ஒரு விளையாட்டு வைத்தார்கள். வகுப்பை அணிகளாகப் பிரித்து, அடங்கி வேலை செய்யும் அணிக்குப் பரிசு, அவ்வளவுதான். அவர்களுக்கு இருபது வயது ஆனபோது, சிறு வயதில் முரடர்களாக இருந்த பையன்களிடம் போதைப் பழக்கம், விளையாட்டில் சேராத அதே மாதிரிப் பையன்களைவிடக் குறைந்திருந்தது.

அது அமெரிக்கா என்பவர்களுக்குப் பீகார் இருக்கிறது. நாலந்தா மாவட்டத்தில் 'சங்காத்' அமைப்பு நடத்திய 'சேஹர்' ஆய்வு 2018-இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியானது. 74 அரசுப் பள்ளிகள், ஒன்பதாம் வகுப்பு மாணவர்கள். சில பள்ளிகளில் ஆசிரியரே திட்டத்தை நடத்தினார். சிலவற்றில் அதற்கென்றே பயிற்சி பெற்ற ஓர் ஆலோசகர். அவர் மனநல மருத்துவர் அல்ல, சாதாரண ஆள்தான். காலைக் கூட்டத்தில் பேசுவார், சுவர்ப் பத்திரிகை நடத்துவார், பெயர் போடாமல் புகார் எழுதிப்போட ஒரு பெட்டி வைப்பார், தேடி வரும் பிள்ளையிடம் தனியாக உட்கார்ந்து பேசுவார். எட்டே மாதத்தில் ஆலோசகர் இருந்த பள்ளிகளில் மிரட்டல், அடிதடி, மனச்சோர்வு எல்லாம் குறைந்தன. ஆசிரியர் நடத்திய பள்ளிகளில் ஒன்றும் மாறவில்லை. ஆசிரியரைக் குறை சொல்ல இதில் இடமில்லை. பாடமும் பதிவேடும் அவர் தலையில். அடித்துத் திருத்தியவரிடமே பிள்ளை வந்து மனசைத் திறக்குமா?

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு மாணவரையும் தங்கையையும் சக மாணவர்களே வீடு புகுந்து வெட்டிய பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழுவும், மறு ஆண்டு தந்த அறிக்கையில் பள்ளிகளுக்குத் தனியாக நல அலுவலர் வேண்டும் என்றது. பீகார் ஆய்வு காட்டியதும் ஏறக்குறைய அதைத்தான்.

தொழிற்சாலை ஊரான ஓசூருக்கு இன்னொரு சிக்கல், ஷிப்டு. அது ஏன் சிக்கல் என்பதை ஐஸ்லாந்து காட்டுகிறது. அங்கே முந்தைய மாதம் ஒரு முறையாவது குடித்து போதையேறிய 15, 16 வயதுப் பிள்ளைகள் 1998-இல் நூற்றுக்கு 42 பேர். 2016-இல் 5 பேர். பெற்றோர் மாலையைப் பிள்ளைகளோடு கழித்ததும், அரசு விளையாட்டுக் கிளப்புகளுக்குப் பணம் கொடுத்ததும் இதற்குப் பெரிய காரணங்கள். இங்கே அம்மா செகண்ட் ஷிப்டு, அப்பா நைட் ஷிப்டு. சிப்காட் லைன் வீட்டில் பையன் தனியாகத்தான் இருப்பான். "பிள்ளையோடு நேரம் செலவிடுங்கள்" என்று அந்த அம்மாவிடம் சொல்வது எனக்குக் கொடுமையாகவே படுகிறது. ஷிப்டு போடுகிறவர்களிடம் சொல்லலாம்.

லாபத்தில் இரண்டு சதவீதம் சமூகப் பொறுப்புக்கு ஒதுக்க வேண்டும் என்பது பெரிய கம்பெனிகளுக்குச் சட்டம். வகுப்பறை கட்டினால் கல்வெட்டு வைக்கலாம். பள்ளி ஆலோசகருக்குச் சம்பளம் கொடுத்தால் கல்வெட்டு வைக்க முடியாது. ஆனாலும் இங்கே தேவைப்படுவது ஓர் ஆள். தமிழோடு தெலுங்கும் கன்னடமும் கொஞ்சம் இந்தியும் பேசுபவராக, பள்ளி விட்ட பிறகும் இரண்டு மணி நேரம் மைதானத்தில் இருப்பவராக அவர் இருக்க வேண்டும்.